கண்ணாடியில் தெரிந்த வலது கால்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிட்டு நகர்கிற ஆள் நான். கால் போனவர்களை நடக்க வைப்பது என் வேலை. பதினாறு வருடமாக வீடு வீடாகப் போய் அதைத்தான் செய்கிறேன்; தோட்டங்களில் நர்ஸைக் கூப்பிடுவதுபோல் என்னையும் ‘மிஸி’ என்பார்கள்.

மலேசியாவில் கம்போங் குவாந்தானைத் தாண்டி ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டம். அங்கே தொழிலாளர் வரிசையில் சிவானந்தத்தின் லயத்து வீட்டுக்கு நான் போனபோது பிற்பகல் மூன்று மணி. அவர் முன்னாள் மண்டோர், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கியவர். சர்க்கரை நோயில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. புண் நன்றாக ஆறியிருந்தது. மகள் துளசி பேண்டேஜைப் பிசகில்லாமல் சுற்றியிருந்தாள். ஆனால் வீடு முழுக்க ஈர மண் வாடை. பத்து நாளாக மழையே இல்லை.

“இல்லாத கால் வலிக்குது மிஸி. விரலை ஒண்ணொண்ணா யாரோ முறுக்குறாங்க,” என்றார்.

“நெறைய பேருக்கு வர்றதுதான் அங்கிள். கால் இன்னும் இருக்குன்னு மூளை நெனைக்குது. வலி அடங்கட்டும், பொய்க்கால் மாட்டிடலாம்.”

“சீக்கிரம் நடக்கணும். இவ இப்பல்லாம் சொன்ன பேச்சு கேக்குறதில்ல.”

உதை விழப்போவதுபோல் துளசியின் கை தானாக வயிற்றை மூடிக்கொண்டது. எனக்குப் புரிந்தது. புரியாததுபோல் வேலையைப் பார்த்தேன்.

அவருடைய கால்களுக்கு நடுவே நீளக் கண்ணாடியை நிறுத்தினேன். இடது காலின் பிம்பம், போன காலின் இடத்தில் தெரியும். இடது காலை ஆட்டினால் மூளை ஏமாந்து வலி குறையும்.

“இடது காலை ஆட்டுங்க.”

ஆட்டினார்.

கண்ணாடியில் இருந்த கால் ஆடவில்லை.

அதன் கணுக்காலைச் சுற்றி ஐந்து பள்ளங்கள் விழுந்தன. பெருவிரல் மெல்லப் பின்னால் வளைந்தது. சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது.

அடுத்த விரல்.

அதற்கடுத்தது.

அலறிக்கொண்டே அவர் கண்ணாடியைக் குத்தினார். உடைந்த சில்லுகள் மேல் ரத்தம் சொட்டியது. நாற்காலியிலிருந்து தரையில் விழுந்தவரை ஏதோ வாசல் பக்கம் இழுத்தது. வெட்டுப்பட்ட கால் விறைத்து முன்னே நீண்டிருந்தது. நான் அக்குளில் கைகொடுத்துப் பின்னால் இழுத்தேன். ஆறிய தையல் பிளந்து சிமெண்ட் தரை முழுக்க ரத்தம் பரவியது. பிறகு அந்தப் பக்கத்துப் பிடி விட்டது.

அப்போது என் பிடியை விட்டுத் தொலைத்திருக்கலாமே என்று இன்றும் தோன்றுகிறது.

துளசி சுவரோரம் அசையாமல் நின்றாள்.

“ஆஸ்பத்திரியில காலைப் பெட்டியில போட்டுக் குடுத்தாங்க மிஸி,” என்று கிசுகிசுத்தாள். “அம்மாவுக்குப் பக்கத்துல பொதைன்னு அப்பாதான் சொன்னாரு. பக்கத்துல பூரா செம்பனை வேரு, தோண்ட முடியல. அம்மா குழியிலயே வெச்சிட்டேன்.”

அவருடைய வெட்டுப்பட்ட காலைக் காட்டினாள்.

“அந்தக் காலாலதான் அம்மாவ ஒதைச்சுக் கொன்னாரு. வழுக்கி விழுந்துட்டாங்கன்னு எல்லாரும் சொன்னோம். நானுந்தான் சொன்னேன்.”

ஆம்புலன்சில் ஏற்றும்போது அவருடைய இடது கணுக்காலைப் பார்த்தேன். ஐந்து கறுப்புத் தடங்கள். மூன்றாம் வாரம் அந்தக் காலையும் எடுத்தார்கள்.

நேற்று துளசி போன் செய்தாள்.

“இந்தக் காலையும் அங்கயே வெச்சிட்டு வந்துட்டேன் மிஸி.”

“தனியாவா தோண்டின?”



“நான் தோண்டவே இல்ல. போனப்ப குழி தெறந்துதான் இருந்துச்சு.”