நெருப்புப் பிடிக்காத வீடு

பொழுதுபட்டதும் ஜெயரூபி கணவனின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள். நுளம்புக்காக யன்னல் சாத்தியிருந்த அறையில் சுடர் ஒருமுறை நீண்டு, நீலமாகச் சுருங்கி, அணைந்தது. அடுத்த குச்சியும் உரசியவுடன் கருகியது. வாசலுக்குப் போய் உரசினாள். முரசுமோட்டை வயற்காற்றிலும் அது விரல் சுடும்வரை எரிந்தது.

"நெருப்புப்பெட்டியோட என்னம்மா சண்டை? அப்பா இருட்டுக்குள்ளயும் வடிவாத்தான் இருப்பார்." காய்ச்சலில் படுத்திருந்த மகள் யதுர்ஷிகா உள்ளேயிருந்து சிரித்தாள்.

"காய்ச்சலிலயும் வாய் குறையேல்ல. படு பிள்ளை."

கணவன் கிருசாந்தன் இறந்தது பின்வளவு வெல்டிங் கொட்டிலில். பெற்றோல் தாங்கி ஒட்டுவதென்றால், முதலில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் புகையைக் குழாய்வழியே தாங்கிக்குள் விடுவான். வாயை ஈரச்சாக்கால் அடைத்துவிட்டுக் காத்திருப்பான். "நிறைஞ்ச தாங்கியை விட வெறுந்தாங்கிதானப்பா பயம். மிஞ்சின ஆவியோட காத்து அளவாச் சேந்தா ஒரு பொறி காணும், வெடிக்க. காத்தைக் கலைச்சுப்போட்டா ஒண்டும் செய்யாது." அறுவடை அவசரத்தில் லான்ட்மாஸ்டர் வயலில் நின்ற நாளொன்றில், புகை விடாமலே ஒட்டினான்.

அந்த இயந்திரத்தை அவள் விற்றுவிட்டாள். அவனுடைய தலையணையை மட்டும் வெயிலில் போடவில்லை. புகை மணம் போய்விடும். விளக்கேற்றும்போதெல்லாம் அவனிடம் ஒன்றுதான் கேட்பாள்: பிள்ளைக்கு ஒண்டும் நடக்கவிடாதேங்கோ.

அவள் உள்ளே திரும்பியபோது அந்த மணம் தலையணையைத் தாண்டி, சீலைகளில், சுவரில், மகளின் தலைமயிரில் ஏறியிருந்தது. பின்வளவில் லான்ட்மாஸ்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. அவன் வேலையில் நிற்கும் பின்னேரங்களின் பழைய ஆறுதல்தான் வந்தது, கண் நிறைந்தது.

பிறகுதான் நினைவு வந்தது. விற்றாயிற்று.

"யது?"

பிள்ளையின் நெஞ்சு மெல்ல ஏறியது. நின்றது. மறுபடி ஏறியது.

அவளுக்கும் தலை கனத்தது. பிள்ளையைத் தூக்கினாள். கதவு சாத்தியிருந்தது. அவள் சாத்தவில்லை. தள்ளினாள். அசையவில்லை. யன்னலும்.

"இஞ்சேருங்கோ," கதவில் வாயை வைத்து அவனிடம் சொன்னாள். "உள்ளுக்கு நாங்கள் இருக்கிறமப்பா."

இயந்திரம் நிற்கவில்லை.

கதவின் கீழ் இடுக்கில் கடைசி வெளிச்சம் ஒரு கோடாகக் கிடந்தது. அதில் ஈரச்சாக்கு நுழைந்தது. கருகிய விரல்கள் அதை அங்குலம் அங்குலமாக, மிகுந்த கவனத்தோடு, உள்ளே அழுத்திக்கொண்டிருந்தன.