சிம்ராவின் கையுறைகள்

பகல் பதினொரு மணிக்கு, கிண்டி தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் பேட்டரி ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். ஏசி இரைச்சல். கரைப்பானின் இனிப்பு வாடை. நடுவில் கண்ணாடிப் பெட்டி.

ஈரம் பட்டால் லித்தியம் கெட்டுவிடும். அதனால் பெட்டிக்குள் காற்றுக்குப் பதிலாக ஆர்கான் வாயு. வெளியே நின்று, பெட்டியோடு ஒட்டிய நீண்ட ரப்பர் கையுறைகளுக்குள் கைவிட்டு வேலை செய்வோம். உள்ளே அழுத்தம் கூடுதல். எனவே ஆளில்லாதபோது கையுறைகள் வெளியே விறைத்து நிற்கும், நம்மை நோக்கி நீட்டிய கைகள்போல.

மூன்று மாதம் முன்பு, ஆர்கான் குழாய் கசிந்து, எங்களோடு வேலை பார்த்த சிம்ரா இந்தப் பெட்டியருகேதான் செத்துக் கிடந்தாள். ஆர்கானுக்கு மணமில்லை, மூச்சு முட்டுவதே தெரியாது. ஆக்சிஜன் குறைந்தால் அலறும் அலாரத்தின் பேட்டரியை, தொல்லை என்று கழற்றியிருந்தவர் ஆய்வகத் தலைவர் தனபாலன். அலாரம் பழுது என்று போலீசில் பொய்யாகக் கையெழுத்துப் போட்டவன் நான்.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் போய்த் தங்கும் முனை ஆனோடு. அதில் சிலிக்கானை வைத்தால் பல மடங்கு தங்கும். ஆனால் சிலிக்கான் மூன்று மடங்கு உப்பி நொறுங்கும். உப்ப இடம் விட்டு அதற்குக் கரிக்கூடு கட்டியவள் சிம்ரா. காப்புரிமையில் இருப்பது தனபாலன் பெயர்.

“நாளைக்கு முதலீட்டாளருங்க வர்றாங்க பொன்ராஜ். பேட்டரி செல்லை நானே செஞ்சி காட்டணும்,” என்றார் பெட்டியருகே நின்ற தனபாலன்.

அலாரம் கத்தியது. அவர் சைதாப்பேட்டைக்காரர், எரிச்சல் வந்தால் பேச்சு மாறிவிடும். “இன்னாய்யா இது, காதுல ஓட்ட போட்டுக்கினு கீது!” பேட்டரியை உருவிச் சட்டைப்பையில் போட்டார்.

“சார், சிம்ராவும் இப்படித்தான்...”

“செத்தவ பேர எடுக்காத.”

கையுறைகளுக்குள் கைகளை நுழைத்தார்.

“பொன்ராஜ்.” குரல் இறங்கியிருந்தது. “உள்ள யாரோ கைய புடிச்சிக்கினு கீறாங்க.”

பெட்டிக்குள் யாருமில்லை.

ஆனால் ரப்பரின் மேல் ஐந்து விரல் பள்ளங்கள்.

நான் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. எங்கோ ‘ஸ்ஸ்’ என்ற ஒலி. எனக்குத் தலை சுற்றியது. ஆர்கான் சிலிண்டர் அறைக்கு வெளியே இருந்தது, அதை மூட ஓடினேன்.

கதவு பின்னால் தானே சாத்திக்கொண்டது.

வால்வை மூடித் திரும்பியும் கதவு திறக்கவில்லை. அதன் கண்ணாடி வழியே அவர் முணுமுணுப்பது உதடசைவில் தெரிந்தது.

“காப்புரிமைல உன் பேரையே போட்டுர்றேம்மா...”

அவர் சரிந்தார். கைகள் மட்டும் பெட்டிக்குள்ளேயே இருந்தன.

அவர் செத்த அன்றே சிலிண்டரை அனுப்பிவிட்டோம். பெட்டியில் இப்போது அழுத்தமே இல்லை. கையுறைகள் துவண்டு தொங்க வேண்டும்.

இடதுகை தொங்குகிறது.

வலதுகை விறைத்து நிற்கிறது, ஒரு விரலை மட்டும் நீட்டிக்கொண்டு. நாற்காலியை மூன்று முறை இடம் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு காலையும் அது என் நாற்காலியைத்தான் காட்டுகிறது.