ஆவாரங்காட்டூரில் கடையடைப்பு

வாணலியில் கடுகு வெடித்த பிறகுதான் சம்யுக்தா கருவேப்பிலைக்குச் சொன்னாள். ஆவாரங்காட்டூரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். காது மடலில் பதித்திருந்த சொல்மணியைத் தொட்டுப் பெயரைச் சொன்னால் போதும். ஊர்க்கோடியில் இருந்த தன்னியங்கு கிடங்கிலிருந்து ஒரு பறக்கும் கூடை கிளம்பி வந்து, வீட்டின் கூரைவாயைத் திறந்து, அடுப்பு மேடைமேல் ஓர் இணுக்கு வைத்துவிட்டுப் போய்விடும். எதையும் முன்கூட்டியே வாங்கி வைப்பவர்களை அந்த ஊரில் கொஞ்சம் பரிதாபமாகப் பார்ப்பார்கள். கடுகு கருகுவதற்குள் இலை வந்து சேரவேண்டும் என்பது கிடங்கின் மானப் பிரச்சினை.

அன்றைக்குக் கடுகு கருகிவிட்டது.

"ஏந் தம்பி, என்னாச்சு உனக்கு?" என்றாள் சம்யுக்தா. ஊரில் எல்லாரும் கிடங்கைக் கிடங்குத்தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஊராட்சித் தலைவி வேறு. அதட்டுகிற உரிமை கூடுதலாக உண்டு.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. மனசு ஒரு நெலையில இல்லைங்க" என்றது சொல்மணிக்குள் கிடங்கின் குரல். "உங்ககிட்ட ஒரு வெசயம் பேசோணும்."

சம்யுக்தா அடுப்பை அணைத்தாள்.

விஷயத்துக்கு வருமுன் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிடங்கு வருவதற்கு முன் அங்கே ஒரு கடைவீதி இருந்தது. கிடங்கு வந்ததும் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. ஒவ்வொரு கடை மூடியபோதும் ஊரே திரண்டுபோய்த் துக்கம் விசாரித்தது. "உங்க கடை இல்லாம ஊரு களையே போயிருச்சுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார்கள். கடைசியாக மூடிய மளிகைக்காரர் மட்டும், இத்தனை பாசக்காரர்கள் இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். ஊரார் அதை மனத்தாங்கலில் சொன்ன சொல் என்று பெருந்தன்மையோடு மறந்துவிட்டார்கள்.

கடைகள் போனதும் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. தன்னியங்கு கிடங்கு எந்த ஊரில் இருந்தாலும், அந்த ஊர்க்காரர்கள் நூறு பேருக்கு அது வேலை கொடுக்க வேண்டும். சரி, கொடுக்கலாம், வேலை எங்கே இருக்கிறது? எடுப்பது, கட்டுவது, பறப்பது எல்லாம் இயந்திரங்கள். ஆகவே நூறு நாற்காலி போட்டு நூறு பேரை உட்கார வைத்தார்கள். அந்தப் பதவிக்கு உடனிருப்பாளர் என்று பெயர். காலையில் வந்து உட்கார்ந்து, இயந்திரக் கைகள் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் களைத்துப்போய் வீடு திரும்ப வேண்டும். கூடுதல் நேரம் உட்கார்ந்தால் கூடுதல் சம்பளம். சம்யுக்தாவின் கணவன் பிரணவ் மூத்த உடனிருப்பாளர். அவனுடைய நாற்காலிக்குக் கை உண்டு. சிரிக்காதீர்கள், நூறு குடும்பத்துக்கு அதுதான் சோறு.

இப்போது கிடங்குத்தம்பி சொன்ன விஷயம் அந்தச் சோற்றைப் பற்றியதுதான்.

மேகத்துக்கு மேலே வேறொரு நிறுவனம் ஒரு வான்கிடங்கை மிதக்கவிட்டிருந்தது. கிடங்குத்தம்பியின் கூடைகள் மூச்சுமுட்ட மேலேறிப் பறக்க வேண்டும். வான்கிடங்குக்கு அந்தத் தொல்லை இல்லை, சாமானைக் கீழே போட்டால் போதும். விலையும் குறைவு. தவிர, யாருக்கு எது எப்போது வேண்டும் என்பதை முன்கூட்டியே கணித்துவிடும் என்று விளம்பரம் வேறு.

"வெள்ளிக்கெழமை பத்து மணிக்கு எங்க தலைமையகத்துல கணக்குப் பாக்கறாங்களாமா" என்றது கிடங்கு. "இந்த ஊரு ஆர்டர்ல பாதிக்கு மேல எங்கிட்ட இருந்தா நான் இருப்பனுங்க. கொறைஞ்சுதுன்னா என்னைக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுருவாங்க."

"இப்ப எவ்வளவு இருக்குது?"

"பாதிக்கு மேலதானுங்க. ஆனா நூலு நூலா எறங்கீட்டே வருதுங்கக்கா."

பிரணவுக்கு உட்காருவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

அன்று சாயங்காலமே ஊர்க்கூட்டம் போட்டாள். போராட்டம் என்று வந்துவிட்டால் அந்த ஊருக்கு ரித்தீஷ்தான். வெள்ளை வேட்டியும் கனத்த குரலுமாக ஐம்பது வயது மனிதர். போன வருஷம் செயற்கை மழை கால்மணி நேரம் தாமதமாகப் பெய்ததற்கே மழை அலுவலகத்தை முற்றுகையிட்டவர்.

"இதுக்கு ஒரே வழிதானுங்க" என்று எழுந்தார் ரித்தீஷ். "கடையடைப்பு! ஊருல ஒரு கடை தொறக்கப்படாது."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. சம்யுக்தா கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தாள்.

"ஏனுங்ணா, அடைக்கறதுக்கு ஊருல கடை எங்க இருக்குது?"

கூட்டம் யோசித்தது. பழைய கடைவீதியில் எல்லாம் வீடுகள்தான். ஊரில் இருந்த ஒரே கடை கிடங்குத்தம்பிதான்.

"அப்ப கிடங்கையே அடைப்பம்" என்றார் ரித்தீஷ், கொஞ்சமும் அசராமல்.

"அண்ணா, என்னைக் காப்பாத்தறதுக்கு நானே மூடோணுமுங்களா?" என்று கூட்டத்தின் ஒலிபெருக்கியில் கேட்டது கிடங்கு.

"அதுல தானப்பா விசேசமே இருக்குது! நீ இல்லாட்டி ஊரு எப்படித் தவிக்குதுன்னு ஒலகம் பாக்கோணுமில்ல? வியாழக்கெழமை ஒருநாள் மூடு. வெள்ளிக்கெழமை உங்க தலைமையகம் தானா எறங்கி வரும்."

கிடங்கு அரை நொடி யோசித்தது. அதன் கணக்கில் அது நெடுநேரம். கடைசியில், மனிதர்களின் உணர்ச்சி விஷயத்தில் மனிதர்களுக்குத்தான் கூடுதலாகத் தெரியும் என்று முடிவு செய்து ஒப்புக்கொண்டது.

சம்யுக்தாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "அன்னைக்கு ஒருத்தரும் மேலேருந்து ஒண்ணும் வாங்கப்படாது. எல்லாரும் சத்தியம் பண்ணுங்க" என்றாள். ஊரே கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தது. கற்பூரத்தைக் கிடங்குத்தம்பிதான் அனுப்பி வைத்தது, அதுவும் இலவசமாக.

வியாழக்கிழமை விடிந்தது. கிடங்கின் பெரிய கதவில் ஒரு முரட்டுப் பித்தளைப் பூட்டு தொங்கியது. பார்த்தவர்களுக்கு மெய்சிலிர்த்தது. கூடைகள் உள்ளே வரிசையாக அடங்கிக் கிடந்தன. உடனிருப்பாளர்கள் நூறு பேரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், அதாவது எழுந்து நின்றார்கள். கால்வலி பொறுக்காமல் பிரணவ் இரண்டு தடவை சுவரில் சாய்ந்தபோது, கருங்காலி என்று யாரோ கத்தினார்கள்.

வெயில் ஏறியது. கிடங்கு வாசலில் மேடை போட்டு முழங்கிக்கொண்டிருந்த ரித்தீஷுக்குத் தொண்டை வறண்டது. ஊரில் யாரும் எதையும் வாங்கி வைப்பதில்லை என்று சொன்னேன் அல்லவா? ஒரு வீட்டிலும் ஒரு சோடா கிடையாது. ரித்தீஷ் வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. எச்சிலை விழுங்கினார், அவ்வளவுதான். உடனே வானத்திலிருந்து ஒரு சின்னக் குடை மிதந்து வந்து மேடைமேல் இறங்கியது. குடைக்கடியில் பன்னீர் சோடா. 'முதல் ஆர்டர் இலவசம்' என்று அதன்மேல் ஒரு சீட்டு. வேண்டாமென்றால் திருப்பி அனுப்பலாம், வைத்துக்கொண்டால் அதுதான் ஆர்டர்.

"தொண்டை போராட்டத்துக்கு வேணுமில்ல" என்றபடி அவர் குடித்தார். நியாயம்தானே! அதற்குப் பிறகு ஒலிபெருக்கிக்கு ஒரு மின்கலம் வந்தது. அதுவும் போராட்டத்துக்குத்தான். உச்சிவெயிலில் நின்றவர்களுக்குத் தொப்பி வந்தது. நின்று நின்று கால்வீங்கியவர்களுக்குத் தைலம் வந்தது. அப்புறம் வந்த இரண்டு குளிரூட்டியும் ஒரு ஊஞ்சலும் போராட்டத்துக்கு எந்த வகையில் உதவின என்று எனக்குத் தெரியாது.

சம்யுக்தா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ராத்திரிச் சமையலுக்கு ரசம் வைத்தாள். எண்ணெய் காய்ந்ததும் பழக்க தோஷத்தில் கடுகைப் போட்டுவிட்டாள். போட்ட பிறகுதான் கருவேப்பிலை ஞாபகம் வந்தது. சொல்மணியைத் தொடவில்லை, சத்தியமாகத் தொடவில்லை. ஆனாலும் கூரைவாய் திறந்து குடை இறங்கியது. கடுகு அப்போதுதான் முதல் தடவை வெடித்தது.

"அட!" என்றாள் அவள். அந்த 'அட'வை நினைத்து அன்றிரவு வெகுநேரம் வெட்கப்பட்டாள். ரசம் மட்டும் நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பொழுது புலர்ந்ததும் ஊரைக் கிடங்கு வாசலுக்கு வரச்சொன்னாள். எல்லார் தலையிலும் புதுத் தொப்பி இருந்தது. அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சொல்கிற யோக்கியதை தனக்கும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"நேத்து நடந்தது நடந்து போச்சு. இப்ப ஆளாளுக்கு மூணு மாசத்துச் சாமானைக் கிடங்குத்தம்பிகிட்ட ஒண்ணாச் சொல்லிப் போடுங்க. பத்து மணிக்குள்ள கூடையெல்லாம் வெளிய வந்துட்டாக் கணக்கு நம்ம பக்கம் திரும்பீரும். தம்பி, கதவைத் தொற."

"பூட்டிருக்குதுங்களேக்கா."

"சாவியை எடு."

"சாவி இல்லைங்க."

கிடங்கு தயங்கித் தயங்கிச் சொன்னது. வந்த நாள் முதல் அது ஒருநாள்கூட மூடியதில்லை. ஆகவே அதற்குப் பூட்டும் இல்லை. உள்ளே விற்பனைக்கு ஆயிரம் பூட்டு கிடந்தது வாஸ்தவம்தான். ஆனால் கடையடைப்பு அன்று கடையிலிருந்து சாமான் எடுத்தால் அது வியாபாரம் ஆகிவிடாதா?

"அதனால... மேலேருந்து வாங்கிட்டனுங்க. மொதல் ஆர்டர் இலவசம்னாங்க. பூட்டு மட்டுந்தான் இலவசமாமா. சாவிக்குத் தனி வெலையாமா."

"நீயுமா தம்பி?" என்றாள் சம்யுக்தா. அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"முப்பது வருசமா உங்க கூடத்தானுங்கக்கா பழகறேன்" என்றது கிடங்கு.

பூட்டை உடைக்கலாம் என்றார் ஒருவர். உடைக்கச் சுத்தியல் வேண்டுமே! உள்ளே நாற்பது வகைச் சுத்தியல் இருந்தன. ஆனால் நிறுவனத்தின் கதவைச் சேதப்படுத்தக் கூடாது என்பது கிடங்குக்கு இட்ட கட்டளை. வெளியே, அத்தனை வீட்டிலும் ஒரு சுத்தியல் கிடையாது. ஆணி அடிக்கும்போது வாங்கி, அடித்ததும் திருப்பி அனுப்பிவிடுவதுதான் ஊர் வழக்கம். கல்லாவது கிடைக்குமா என்று தேடினார்கள். துடைத்துவிட்ட மாதிரி இருந்தது தெரு. மணி ஒன்பதரை.

"ஒரே ஒரு சாவிதானுங்க" என்று மேலே பார்த்தார் ரித்தீஷ். "அதை மட்டும் அவங்ககிட்ட வாங்கிப்போட்டா, மீதியெல்லாம் நம்ம தம்பிகிட்டயே வாங்கிக்கலாம்."

வேறு வழி? சம்யுக்தா கனத்த மனசோடு சொல்மணியைத் தொட்டாள். சாவி மலிவுதான், இறக்குகூலிதான் சாவியைப்போலப் பத்து மடங்கு. முந்நூறு ரூபாய்க்கு வாங்கினால் இறக்குகூலி இல்லை.

அங்கேதான் ஊர் தன் சுயரூபத்தைக் காட்டியது. ஒரு சாவிக்குப் போய் இறக்குகூலி தண்டம் அழுவதா? "அக்கா, எனக்கு ஒரு சோப்புச் சேத்திக்குங்க" என்றது ஒரு குரல். "எங்கூட்டுக்குப் பூண்டு." "எனக்கு ஒரு தலையணை உறை." ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவருக்கு ஞாபகம் வந்தது. முந்நூறு எப்போதோ தாண்டிவிட்டது. ஆயிரத்தைத் தாண்டினால் ஒரு டப்பா இலவசம் என்றதும் கூட்டம் இன்னும் நெருங்கி நின்றது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா," என்றது கிடங்குத்தம்பி, உதவி செய்தே பழகிய குரலில், "இன்னொரு அரைக்கிலோ தொவரம்பருப்புச் சேத்துனீங்கன்னா டப்பா வந்துருமுங்க."

சேர்த்தார்கள். குடைகள் கூட்டங்கூட்டமாக இறங்கின. சோப்புக்கும் பூண்டுக்கும் அடியில் தேடிச் சாவியைக் கண்டுபிடித்துச் சம்யுக்தா ஓடினாள். பூட்டுக்குள் நுழைத்துத் திருகப்போன நேரம்.

"தொறக்க வேண்டாமுங்கக்கா" என்றது கிடங்கு, மெதுவாக. "மணி பத்தாச்சு. தலைமையகத்துல இருந்து சேதி வந்துருச்சுங்க. கடைசியா வந்த ஒரு ஆர்டர்லதான் பாதிக்குக் கீழ போச்சாமா."

அதன் விளக்குகள் வரிசை வரிசையாக அணைந்தன. கருவேப்பிலை அடுக்கின் விளக்கு கடைசியாக அணைந்தது.

சம்யுக்தா பூட்டைப் பிடித்தபடி விம்மி விம்மி அழுதாள். உடனிருப்பாளர்கள் நூறு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் தரையில் உட்கார்ந்தார்கள். இனி அந்த உட்காருதலுக்குச் சம்பளம் இல்லை என்பது பிரணவுக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கோ ஒரு குழந்தை, "கிடங்குத்தம்பி" என்று காதைத் தொட்டுத் தொட்டுக் கூப்பிட்டுப் பார்த்தது.

ரித்தீஷால் தாங்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தலையணை உறைக்கட்டின் மேல் ஏறி நின்றார்.

"இதை இப்படியே உட்டறப்படாது! நம்மூருக் கடையை முழுங்குன அந்த வான்கிடங்கை எதுத்து நாளைக்கு ஊரெல்லாம் கருப்புக்—"

அவர் 'கொடி' என்று சொல்லி முடிப்பதற்குள் வானம் முழுக்கக் குடைகள் தெரிந்தன. ஆளுக்கு ஒன்றாகக் கணக்குப் பிசகாமல் இறங்கின. கம்பு இலவசம்.

சம்யுக்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு கொடியைக் கையில் எடுத்தாள். ஓரத்தை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தாள்.

"துணி நல்லாத்தான் இருக்குது" என்றாள்.