படுத்த இடத்துப் பச்சை

சித்திரை பிறந்து இருபது நாளாகியும் புல்தரையில் அந்த ஒரு இடம் மட்டும் காயவில்லை.

காலையில் துணி காயப்போட வந்தபோதுதான் பாண்டீஸ்வரி அதைக் கவனித்தாள். கேட்டிலிருந்து காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் மற்ற இடமெல்லாம் தேங்காய் நார் நிறத்துக்கு வந்துவிட்டது. மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். நடுவில் மட்டும் பச்சை. தண்ணீர் நிற்கிற நாற்றங்காலில் தெரியுமே, கண்ணைப் பிடித்து இழுக்கிற பச்சை, அந்த மாதிரி. புல்லுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திப் பன்னிரண்டு நாளாயிற்று. குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது, குடிக்கவே காணாது. போர்த் தண்ணீரோ உப்பு.

குனிந்து தொட்டுப் பார்த்தாள். ஈரம். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். மண் வாசனை இல்லை, புல் வாசனையும் இல்லை. தூங்கி எழுந்தவன் தலையணையில் இருக்கும் வாசனை. வேர்வையும் எண்ணெயும் கலந்த, மனுச வாசனை.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் புல்தரை அவள் புருஷன் காளீஸ்வரனின் ஆசை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், மானாவாரிக் காடாகக் கிடந்து, பிறகு கருவேலம் மண்டி, பிறகு கல் நட்டு மனையாக்கிய இடத்தில் அவர்கள் வீடு. நாற்பது மனையில் மூன்றே வீடுகள்தான் எழும்பியிருந்தன. மற்ற இரண்டும் பூட்டிக் கிடந்தன. காளீஸ்வரனின் அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் காட்டில் குனிந்தே காலத்தைக் கழித்தவர்கள். அவன் படித்து, மதுரையில் ஒரு பைக் ஷோரூமில் சர்வீஸ் மேனேஜராகி, தினமும் காரியாபட்டி வழியாகப் பஸ்ஸில் போய்வந்தான்.

"நம்ம மண்ணு எதையும் விளைவிக்க வேணாம் பாண்டி. சும்மா பச்சையா இருந்தாப் போதும். எங்க அப்பா ஒரு நாளும் மண்ணுல மல்லாக்கப் படுத்ததில்ல. நான் படுக்கணும்" என்றான்.

பந்தல்குடி நர்சரியிலிருந்து சங்கையா ஐப்பசி மழை முடிந்த கையோடு புல்லைத் துண்டு துண்டாக லோடு ஆட்டோவில் கொண்டுவந்தார். அறுபது வயசு இருக்கும். செம்மண்ணும் மணலும் மட்கிய சாணியும் கலந்து பரப்பி, பலகையால் தட்டிச் சமமாக்கி, பாய் விரிப்பதுபோல விரித்தார். காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கள், ராத்திரி ஈரம் நின்றால் வேர் அழுகும், ரெண்டு விரற்கடைக்குக் கீழே வெட்டாதீர்கள் என்றெல்லாம் சொன்னார். போகும்போது பாண்டீஸ்வரியிடம் தனியாக, "இது தண்ணிக்குப் பெத்த பிள்ள தாயி. இந்தக் காட்டுக்குத் தாங்காது. நாலு அரளி, ரெண்டு வேம்பு வச்சிருந்தீகன்னா அதுபாட்டுக்கு வந்திரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காளீஸ்வரன் சொன்னபடியே செய்தான். வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு அதன் நடுவில் மல்லாந்து கிடப்பான். அரைமணி நேரம். மாசியில் அது ஒரு மணி நேரமாயிற்று. பங்குனியில் சாப்பிடக் கூப்பிட்டால்தான் எழுந்து வருவான்.

பச்சையைப் பார்த்த அன்று அவளுக்கு வேலையில் லீவு. பாண்டீஸ்வரி மோர்மிளகாய் காயவைக்க மொட்டை மாடிக்குப் போனாள். வெயில் ஏறிவிட்டது. ரோட்டில் லாரி ஒன்று போன சத்தம் தேய்ந்ததும், காதில் வெறும் காற்று மட்டும். கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று கீழே பார்த்தாள்.

பச்சைக்கு ஒரு உருவம் இருந்தது.

தலை. தோள். இரண்டு பக்கமும் விரித்த கைகள். சற்றே அகட்டிய கால்கள். இடது பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. காளீஸ்வரனின் இடது பாதம் அப்படித்தான் சாயும்.

சாயங்காலம் அவனிடம் சொன்னாள். அவன் சிரித்தான். "வேர்வை பட்டிருக்கும். வேர்வையும் உரந்தான."

அவன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். காலையில் நிரப்பிக் கொடுத்தது அப்படியே இருந்தது. முந்தின நாளும் அப்படித்தான் வந்தது.

அன்றிரவு தூக்கத்தில் அவள் கை அவன் முதுகில் பட்டது. பானைக்கு அடியில் இருக்கும் மணல்போல சில்லென்று ஈரமாக இருந்தது. லைட்டைப் போட்டுப் பார்த்தாள். முதுகு முழுக்கப் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள். கோரைப்பாயில் படுத்து எழுந்தால் விழுமே, அந்த அச்சுப் போல. தேய்த்துப் பார்த்தாள். அச்சென்றால் மறைய வேண்டும். மறையவில்லை.

பாண்டீஸ்வரி டவுனில் ஒரு கிளினிக்கில் ரத்தம் பரிசோதிக்கிற வேலையில் இருந்தாள். மறுநாள் அவனை வம்படியாகக் கூட்டிப்போய்த் தானே ஊசி குத்தினாள். ஊசியில் ஏறிய ரத்தம் வெளிறித் தெரிந்தது. போன வருசம் கம்பெனி முகாமில் பதினாலு இருந்த ரத்தம் இப்போது எட்டுக்கும் கீழே இருந்தது. டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு வயிற்றை அமுக்கிப் பார்த்தார், மலத்தில் ரத்தம் போகிறதா என்று கேட்டார். எதுவும் இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "ரத்தம் எங்கயோ போயிட்டிருக்கு. எங்கன்னு பாக்கணும். அடுத்த வாரம் மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

எங்கே என்று பாண்டீஸ்வரி கேட்கவில்லை. அவளுக்குக் கண்ணுக்குள் அந்தப் பச்சைதான் நின்றது.

சங்கையாவுக்குப் போன் போட்டாள். காளீஸ்வரன் வேலைக்குப் போன பிறகு அவர் தன் மொபெட்டில் வந்தார். வந்தவர் கேட்டருகே நின்று காற்றை மோந்து பார்த்தார். காய்ந்த பக்கம் ஒரு துண்டைப் புரட்டினார். அதில் வேர் கீழ்நோக்கிச் செத்துக் கிடந்தது. பிறகு பச்சையின் ஓரத்தில் மண்வெட்டியைக் கொடுத்து ஒரு துண்டைத் தூக்கினார்.

அது தானாகவே வந்தது. பிடிப்பே இல்லை.

அடியில் இருந்த மண் சாம்பலாக உலர்ந்திருந்தது. சங்கையா துண்டை உள்ளங்கையில் வைத்துப் புல்லை இரண்டாக வகிர்ந்தார், பேன் பார்க்கத் தலையை வகிர்வதுபோல. புல் தாள்களுக்கு நடுவே, வெள்ளையாக, நூலைவிட மெல்லிசாக, வேர்கள். ஒவ்வொன்றும் மேல்நோக்கி நின்றது. நுனிகள் ஊசிபோல இருந்தன. அவர் மூச்சு பட்டதும் நுனிகள் அவர் முகத்துப் பக்கம் சாய்ந்தன.

அவர் மெதுவாகக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டார்.

"நாப்பது வருசமா மண்ணக் கிளறிட்டிருக்கேன் தாயி. வேரு தண்ணி இருக்கிற பக்கந்தான் போகும்" என்றார். பிறகு அந்த நுனிகளைப் பார்த்து, "இதுவும் தண்ணி இருக்கிற பக்கந்தான் போயிருக்கு" என்றார்.

"என்ன செய்யணும்ணே?"

"அவுக வாரதுக்குள்ள அம்புட்டையும் அள்ளிரணும்."

இருவரும் சேர்ந்து அள்ளினார்கள். நெருப்பு வைத்துப் பார்த்தார்கள். மண்ணெண்ணெய்தான் எரிந்தது, புல் அப்படியே இருந்தது. புகையில் முடி கருகும் நாற்றம் வந்தது. "சொட்டுத் தண்ணி படாம வெயில்ல கெடந்தா மூணு நாள்ல சருகாயிரும்" என்று சங்கையா சொன்னார். துண்டுகளை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டுபோய், வீட்டுக்குப் பின்னால் காலி மனைகளின் வெடித்த தரைமேல், மண்வெட்டியால் கொத்திக் கொத்திச் சிதறவிட்டார். போகும்போது தண்ணீர் கொடுத்தாள். வேண்டாம் என்றார்.

சாயங்காலம் காளீஸ்வரன் கேட்டைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றான். வெறும் செம்மண்ணைப் பார்த்தான். அவன் கத்துவான் என்று நினைத்து அவள் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் கத்தவில்லை.

"எங்க வச்சிருக்க?" என்றான்.

தூங்கின பிள்ளையை எங்கே கிடத்தியிருக்கிறாய் என்று கேட்பதுபோல, அத்தனை மெதுவாக.

"தூரப் போட்டாச்சுங்க."

தலையாட்டினான். வந்து சாப்பிட்டான். ரெண்டு செம்பு தண்ணீர் குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அவள் அழுதாள். அவன் அவள் தலையைத் தொட்டு, "என்னடி" என்றான். பழைய குரல். மூன்றாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கொஞ்சம் ஏறியிருந்தது. முதுகுப் புள்ளிகளும் மங்கியிருந்தன. மதுரைக்குப் போகவே வேண்டியிருக்காதோ என்றுகூட நினைத்தாள். சங்கையாவிடம் சொல்லலாமென்று போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் மழை வந்தது.

கோடை மழை. திருச்சுழிப் பக்கம் கறுத்து, காற்று புழுதியை அள்ளி ஜன்னலில் அடித்து, பிறகு ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. ஊரே வாசலில் நின்று பார்க்கிற மழை. பாண்டீஸ்வரியும் நின்று பார்த்தாள். பக்கத்தில் காளீஸ்வரன் நின்றான். மழை வாசனை வரவேண்டிய நேரம். வந்தது தலையணை வாசனை. அவள் மனசு அதை ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

விடிந்தபோது படுக்கையில் அவன் இல்லை.

வாசல் கதவு திறந்திருந்தது. கேட்டும் திறந்திருந்தது. அவன் சட்டை கேட்டின்மேல் மடித்துத் தொங்கியது. நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது, வெயில்கூடச் சுவரில் விழ ஆரம்பித்துவிட்டது. அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். குருவிச் சத்தம்கூட இல்லை. பின்பக்கம் போக அவளுக்குக் கால் வரவில்லை. மாடிப்படி ஏறினாள். மேலேயிருந்து பார்த்தால் தெரிந்துவிடும். பார்த்துவிட்டால் கூப்பிட்டுக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

கைப்பிடிச் சுவரைப் பிடித்தாள்.

காலி மனைகள் முழுக்கப் பச்சை.

பரவின பச்சை இல்லை. தனித்தனி. நடுவே வரப்புப் போலச் செம்மண். தலை. தோள். விரித்த கைகள். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. வரிசை வரிசையாக. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கமும். ரோடு வரைக்கும். எண்ண முடியாது. பெரியது, சிறியது. முழங்கால் உயரம்கூட இல்லாத சிறியதும் இருந்தது. எல்லாத் தலையும் வீட்டைப் பார்த்து.

எல்லாம் காலி.

இரண்டைத் தவிர.

முதல் வரிசையில் காளீஸ்வரன். மல்லாந்து, கண் திறந்து. இடது பாதம் வெளியே சாய்ந்திருந்தது. புல் அவன் விலாவரை ஏறியிருந்தது. எது அவன், எது புல் என்று இடுப்புக்குக் கீழே பிரிக்க முடியவில்லை. முகம் மட்டும் வெள்ளையாக, நிம்மதியாக.

ரோட்டோரம் ஒரு மொபெட் நின்றது. மண்வெட்டி கட்டியபடியே. பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு, கோவில் வாசலில் விடுவதுபோல ஒழுங்காக. அதற்கு நேரே மூன்றாவது வரிசையில் சங்கையா. மார்பில், அவர் துண்டுகளை அணைத்துப் பிடித்த இடத்தில், புல் அடர்த்தியாக இருந்தது.

"ஏங்க."

கைப்பிடிச் சுவர்மேல் குனிந்து கூப்பிட்டாள்.

காற்று இல்லை. ஆனாலும் புல் அசைந்தது. எல்லாம் ஒரே பக்கமாக. வீட்டுப் பக்கமாக.

அவள் பார்வை தானாகக் கீழே வந்தது. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, மற்றதையெல்லாம்விட வீட்டுக்கு நெருக்கமாக, இன்னொன்று. ஆண் உருவம் இல்லை. மல்லாந்தும் இல்லை. ஒருக்களித்துப் படுத்திருந்தது. வலது கை மடங்கித் தலைக்கு அடியில். முழங்கால் இரண்டும் வயிற்றுப் பக்கம் ஒடுங்கி. இடுப்பிலிருந்து கால்வரை, சேலை விலகாமல் இருக்கக் காலிடுக்கில் சொருகிக்கொண்டதுபோல ஒரு மடிப்பு.

நினைவு தெரிந்த நாளிலிருந்து பாண்டீஸ்வரி அப்படித்தான் தூங்குவாள்.

அந்தப் பச்சை இப்போதுதான் முளைத்திருந்தது. நுனியெல்லாம் வெள்ளையாக, மேல்நோக்கி நின்றது.