சொல்ல விருப்பமில்லை என்றொரு கட்டம்

ரயில் நகரத் தொடங்கிவிட்டது! றொசல்ல ஸ்டேஷனில் கொட்டும் மழையில் ஓடிவந்து தொற்றி ஏறிய ஜொய்சி, வாசலில் நின்றவன் மேல் நேராகப் போய் மோதினாள்.

"மெல்ல ஏறக்கூடாதோ?"

"வாசல மறிச்சுக்கிட்டு நின்னா எப்படிங்க ஏறுறது?"

அவன் சிரித்தான். மழைத்துளி தங்கிய இமைகள்... அந்தக் கண்களை ஒரு நொடிக்கு மேல் அவளால் பார்க்க முடியவில்லை. அதற்குள் முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடை ஆட ஆட ஒரு பெண் மேடையில் ஓடிவந்து, மறந்துபோன குடையை ஜொய்சியின் கையில் திணித்துவிட்டு நின்றாள்.

"அம்மாவோ?"

"இல்லைங்க... பக்கத்து வீட்டுக்காரங்க."

சொன்ன வாய் கசந்தது. பெற்ற தாயையே பக்கத்து வீட்டுக்காரியாக்கிவிட்டாளே, பாவி மகள்!

ஆறு வருடப் பொய் அது. ஹட்டனில் தேயிலைக் கம்பனி அலுவலகத்தில் கிளார்க் வேலை கேட்டபோது, டவுனில் இருக்கும் சித்தி வீட்டு விலாசத்தைத்தான் கொடுத்தாள். தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்த லயத்துப் பிள்ளை என்று தெரிந்தால் வேலை கொடுப்பார்களா என்ற பயம். வேலை கிடைத்தது, பயம் மட்டும் போகவில்லை.

அலுவலகத்துக்குப் போனால்... அங்கே அவனே நிற்கிறான்! கோபிசங்கர். யாழ்ப்பாணத்துக்காரன், கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று நாள் வேலையாக வந்திருக்கிறான். எந்த இனத்தவருக்கு எவ்வளவு சம்பளம், வித்தியாசம் ஏன் என்று கம்பனி அறிக்கை கொடுக்க வேண்டுமாம். வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் கேட்கிறார்களாம்.

"பேரைப் பார்த்தே நிரப்பிடலாமே" என்றார் மனேஜர் முத்துலிங்கம்.

"கூடாது சேர். அவையவை தங்கட கையால நிரப்ப வேணும். ஏன் கேக்கிறம் எண்டு முதல்ல விளங்கப்படுத்துவம். 'சொல்ல விருப்பமில்லை' எண்டும் ஒரு கட்டம் வைப்பம். ஆர் என்ன எழுதினது எண்டு வெளியில போகக்கூடாது."

ஜொய்சி, தோட்டத்து மக்களுக்கான 'மலையகத் தமிழர்' கட்டத்தைத் தாண்டி, 'இலங்கைத் தமிழர்' என்ற கட்டத்தில் கோடிட்டு, தாளை மடித்துப் பெட்டியில் போட்டாள்.

மூன்று நாளும் பக்கத்து மேசைதான்.

"உங்கட ஊர்த் தேத்தண்ணியில என்ன மாயமோ... நாலாவது கோப்பை!"

"மாயமெல்லாம் இல்லைங்க, குளிரு!"

அவன் சிரிக்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு படபடத்தது. உண்மை தெரிந்தால் இந்தச் சிரிப்பு இருக்குமா...?

மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"மலையகத் தமிழர் எண்டு ரெண்டே ரெண்டு பேர்தான் எழுதியிருக்கினம். மற்றாக்கள் மறைச்சிட்டினம் போல. இப்படியே அனுப்பினால் வித்தியாசம் இல்லை எண்டுதான் கணக்கு வரும். குறையச் சம்பளம் எடுக்கிற ஆக்கள் குறையவே எடுப்பினம்."

அவளுக்குச் சுருக்கென்றது. பின்னால் வந்தவர்களெல்லாம் மேலே போய்விட்டார்கள். விலாசத்தை மறைத்தும் பேச்சு காட்டிக்கொடுத்ததோ என்னவோ, அவள் மட்டும் சேர்ந்த நாளின் சம்பளப் படியிலேயே நிற்கிறாள். பேசாமல் இருந்தால் இவன் முன்னால் மானம் தப்பும். பேசினால்... இவனே போய்விடுவானோ?

"என் பழைய தாள எடுத்துருங்க. புதுத் தாள் ஒண்ணு குடுங்க."

கொடுத்துவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "எழுதேக்க நான் பார்க்கக்கூடாது. நிரப்பிப் பெட்டியில போடுங்கோ."

"நீங்க பார்க்கணும்."

அவள் தாளை நீட்டினாள். அவன் திரும்பினான். 'மலையகத் தமிழர்' என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு கோடு.

"அன்னைக்கு ஸ்டேஷன்ல குடை குடுத்தது எங்கம்மாங்க. ஜோசப்பின். கொழுந்து எடுக்குறாங்க. நாங்க லயத்துலதான் இருக்கோம்."

வெளியே மழை. அவன் தாளை மடித்துப் பெட்டியில் போட்டான்.

"எனக்கு அண்டைக்கே தெரியும். அவவின்ர கண்தானே உங்களுக்கு."

"அப்ப ஏன் சொல்லல?"

"ஒருத்தற்ற தாளையும் நான் நிரப்பக்கூடாது எண்டு நானே சொல்லிப்போட்டன்..." அவன் தயங்கினான். "என்ர தாளை நான் நிரப்பலாம்தானே? எனக்கு உங்களை நல்லாப் பிடிச்சிருக்கு, ஜொய்சி. உங்களுக்கு?"

கண்ணீருக்கு நடுவிலும் அவளுக்குக் குறும்பு வந்தது. "'சொல்ல விருப்பமில்லை'ன்னு ஒரு கட்டம் இருக்குல்ல?"

அவன் முகம் வாடிப்போனது. ஐயோ, பாவம்!

"நாளைக்குப் போறப்ப றொசல்லைல இறங்குங்க" என்றாள் தலை குனிந்து. "அம்மாகிட்ட மொதல்ல நான் மன்னிப்புக் கேக்கணும். அப்புறம்... இவரைத்தான் எனக்குப் புடிச்சிருக்குன்னு சொல்லணும்."