கெட்ட ரத்தம்

சாலம்மாள் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

ஜெயம்மாளுக்கு அதுதான் முதலில் உறுத்தியது. வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்த வழியெல்லாம், ஒவ்வொரு வளைவிலும் வலியோடு சேர்த்துப் புருஷன் இருசப்பனின் பரம்பரையையே இழுத்தவள் சாலம்மாள். அவனுக்கு அக்கா என்கிற முறையில் ஜெயம்மாளும் அந்தப் பரம்பரையில் அடக்கம். மத்தியானம் ஆண் குழந்தை பிறந்த பிறகும் அந்த வாய் ஓயவில்லை. இப்போது மழை பிடித்து, பொழுது சாயுமுன்பே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வார்டு இருண்டு கிடக்கையில், மெல்லக் கேட்டாள்:

"அண்ணி, நீங்க சாப்டீங்களா?"

கல்யாணமாகி வந்ததிலிருந்து கேட்காத கேள்வி.

"இன்னாடி, புள்ள பொறந்ததும் புத்தியும் பொறந்துடுச்சா?" என்றாள் ஜெயம்மாள். பதிலுக்கு ஒரு வசவு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"குளுருது அண்ணி."

பிள்ளை பெற்றவள் மேல் காற்றுப் படக்கூடாது. மலையிலிருந்து கொண்டுவந்த கம்பளியைக் கழுத்திலிருந்து கால்வரை இறுக்கிச் சுற்றி, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகினாள்; குழந்தையை உள்ளே மார்போடு அணைத்து விட்டாள். பினாயில் நெடி, ஊறிய சுவரின் வாடை, கம்பளியின் ஆட்டு மொச்சை, எல்லாவற்றுக்கும் அடியில், துருப்பிடித்த மண்வெட்டியை நக்கியதுபோல நாக்கில் ஒட்டிக்கொள்ளும் இன்னொரு வாடை.

கெட்ட ரத்தம். போகட்டும். உள்ளே தங்கினால்தான் ஆபத்து. வீட்டிலேயே நாலு பெற்று எழுந்த ஜெயம்மாளுக்குத் தெரியாதா? ஊரில் எந்தப் பிரசவத்துக்கும் கூப்பிடாமலே போய் நிற்கிறவள். அவள் போனதால்தான் பிழைத்தோம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை, அவளே சொல்லிக்கொள்வாள்.

இங்கே அந்தப் பெருமை செல்லவில்லை. குழந்தை தும்மியதற்கு ஓடிப்போய்க் கூப்பிட்டபோது, "தும்முனதுக்கெல்லாம் நான் வரணுமா? போய் உக்காரும்மா" என்றாள் நர்ஸ் தங்கமணி. வார்டே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் ஜெயம்மாள்தான். வேறென்ன செய்வது?

அதே தங்கமணி கொஞ்ச நேரம் முன்பு வாசலில் நின்றபடியே கேட்டாள்: "ரத்தம் ஜாஸ்தியா போவுதா?"

"கம்மிதாங்க."

துணி மாற்றி மாற்றி வைத்ததைச் சொல்லவில்லை. கெட்டது போவதை யாராவது புகாராகச் சொல்வார்களா? தங்கமணியும் உள்ளே வரவில்லை. கம்பளியைத் தூக்கிப் பார்க்கவில்லை. அடுத்த வார்டில் யாரோ கத்திக்கொண்டிருந்தாள். கத்துகிறவளிடம்தான் எல்லாரும் போனார்கள்.

கரண்ட் போனது.

இருட்டில் மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. கம்பளிக்குள் குழந்தை பால் உறிஞ்சும் சத்தம். சாலம்மாளின் மூச்சு வேகமாக, மேலோட்டமாக, மேட்டில் ஓடி வந்தவளைப்போல.

"அண்ணி."

"இன்னாம்மா?"

"கட்டிலு மெதக்குது."

"மயக்கம்டி. படு."

"கெட்டியா புடிச்சிக்குங்க. போய்க்கினே இருக்குது."

ஜெயம்மாள் பிடித்துக்கொள்ளக் கம்பளிக்குள் கையை விட்டாள். இடுப்புக்கு அடியில். வெதுவெதுப்பு. விரல் முழுகியது. மணிக்கட்டு முழுகியது. மெத்தை முழுக்கக் குடித்துவிட்டு, மிச்சத்தைக் கையில் கொடுத்தது.

"சிஸ்டர்!"

காற்றுதான் வந்தது. மறுபடி. இந்தமுறை வார்டே எழுந்தது.

டார்ச் வெளிச்சம், பின்னால் தங்கமணி. கம்பளி பறந்தது.

"அடிப்பாவி! கம்மின்னு சொன்னியே!"

நீ பாத்தியா? நாக்கு வரை வந்து நின்றது. யார் கேட்பது, யாரிடம்?

தங்கமணி வயிற்றை அழுத்திப் பிசைந்தாள். டாக்டரம்மா ஓடி வந்தார். ஊசி. "ரத்தம் கொண்டாங்க." "ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளுங்க." பிறகு டாக்டரம்மாவின் விரல்கள் சாலம்மாளின் கழுத்தில். நின்றன. இடம் மாறின. நின்றன.

யாரும் எதையும் தள்ளவில்லை.

"குழந்தைய எடும்மா," என்றாள் தங்கமணி.

குழந்தை இன்னும் குடித்துக்கொண்டிருந்தது. சாலம்மாளின் கண்கள் திறந்தே இருந்தன. அவள் கை குழந்தையின் முதுகை வளைத்திருந்தது. ஜெயம்மாள் சுண்டுவிரலைப் பிரித்தாள். சில்லென்றிருந்தது. மோதிரவிரல். நடுவிரல்.

ஆள்காட்டி விரலைத் தொட்டாள்.

பிரித்த சுண்டுவிரல் மெல்ல மடங்கி, மறுபடி குழந்தையின் முதுகில் படிந்தது.