எரியாத சிரிப்புப் படங்கள்

"நான் கொளுத்தேல்லை, ஐயா. ஆர் செய்ததெண்டு கண்டுபிடிச்சுத் தாருங்கோ."

இணுவிலிலிருந்து வந்திறங்கிய குணலட்சுமி கோபத்தோடு சொன்னாள். எதிரே இருந்த பஞ்சலிங்கம் ஓய்வுபெற்ற பொலிஸ்காரர். யாழ்ப்பாணத்தில் துப்புத் துலக்க அவரிடம்தான் போவார்கள். அவருடைய கூட்டாளி செபநாயகம் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

பேசும் படம் வந்தபின் ஒருவரும் சீந்தாத ஊமைச் சிரிப்புப் படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவன் அவள் கணவன் சண்முகநாதன். இப்போது அவற்றை வைத்த மரப்பெட்டிக்குள் சுருள் இல்லாத வெறும் தகரங்களும் சாம்பலும்தான். இவள்தான் எரிச்சலில் கொளுத்தினாள் என்று சொந்தபந்தங்களுக்கு முன்னால் சொல்லி, தாய்வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டான்.

"படத்திலை அந்தக் குள்ளன் சுண்ணாம்புத் தொட்டிக்குள்ளை விழேக்கை அவரைவிட நான்தான் கூடச் சிரிச்சனான். நானோ கொளுத்துவன்? மாரி மழை தொடங்கினாப்பிறகு அந்தப் பெட்டியைத் தொடவும் அவர் விடேல்லை!"

பின்னேரமே மூவரும் இணுவில் போனார்கள். சண்முகநாதன் முகம் கொடுக்கவில்லை. பஞ்சலிங்கம் பெட்டிப் பலகையைத் தடவினார், சாம்பலைக் கிளறினார், தகரமொன்றை மோந்து பார்த்தார். பிறகு தோட்டத்துப் புகைக்குடிலின் திறப்பை வாங்கிப் பூட்டைத் திறந்தார். புகையிலை பதப்படுத்தும் அந்தக் குடிலுக்குள் சண்முகநாதனைத் தவிர யாரும் போவதில்லை. கரி படிந்த பரணில், தகரங்களின் அளவில் வட்டம் வட்டமாகக் கரி படியாத இடங்கள் தெரிந்தன.

"ஆரோ படக் கொட்டகைக்காரன் களவெடுத்திருப்பான்!" என்றார் செபநாயகம்.

"தகரத்தை விட்டிட்டோ?" பஞ்சலிங்கம் சண்முகநாதனைப் பார்த்தார். "படச்சுருள் பத்தினால் பெட்டியே மிஞ்சாது. இதிலை பலகை கருகக்கூட இல்லை. உள்ளை கிடக்கிறது ஓலைச் சாம்பல். தகரத்திலை புகையிலைப் புகையும் புளிச்ச மணமும். பூஞ்சணத்துக்குப் பயந்து, புகையிலையைக் காக்கிற மாதிரிப் படத்தையும் புகைக்குடிலுக்குள்ளை வைச்சீர். சூட்டிலை எல்லாம் பசையாய் உருகிப் போச்சு. சரிதானே?"

சண்முகநாதன் தலை கவிழ்ந்தான். "ஓம். கிணத்தடியிலை குழி வெட்டித் தாட்டுப்போட்டு, பெட்டிக்குள்ளை ஓலைச் சாம்பலைக் கொட்டினன். ஆசையாய்ச் சேர்த்ததை நானே அழிச்சனெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

குணலட்சுமி அவன் முன்னால் போய் நின்றாள். படங்கள் போனதற்கு அவளும் அழுதிருப்பாள், அவனோடு சேர்ந்தே அழுதிருப்பாள். அவன்தான் அதற்கு இடம் வைக்கவில்லை.

"என்னை எல்லாருக்கும் முன்னாலைதானே குற்றவாளியாக்கினியள்? இப்ப அவையளைக் கூப்பிடுங்கோ. இதையும் அவைக்கு முன்னாலை சொல்லுங்கோ."

"சனம் சிரிக்குமடி."

"சிரிக்கட்டும்," என்றாள். "நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."